தலைமாடு மாற்றிப் போட்ட நர்ஸுக்கு

இன்று காலை உள்வீட்டில் இருந்தவர்கள் நான்கு பேர்: பக்கவாதத்தில் கிடக்கும் என் மாமியார், என் வீட்டுக்காரர், எங்கள் மகள், நான். மகள் மாமியாரின் மூத்திரத் துணியை மாற்றி, ஒருக்களித்துப் படுக்கவைத்து, முதுகில் ஸ்பிரிட் தேய்த்துப் பவுடர் போட்டாள். அந்த ஸ்பிரிட் வாசத்தோடு நீ வந்துவிட்டாய்.

எட்டாவதோடு நிறுத்தி என்னைக் கட்டிக்கொடுத்தார்கள். என்னோடு படித்த நீ பத்து முடித்துச் சேலத்துக்கு நர்ஸ் பயிற்சிக்குப் போனாய். லீவில் வந்தால் என்னைக் கட்டிலில் கிடத்தி, ஆளை எழுப்பாமலே விரிப்பு மாற்றிப் பழகுவாய். "அசையாத கெட புள்ள, நீ இப்பச் சீக்காளி!" உன் பாடப் புத்தகங்களைப் படித்துத்தான் நான் எட்டாவதைத் தாண்டினேன்.

செய்முறைப் பரீட்சையில் உனக்கு நோயாளியாக வாய்த்தவர் எடப்பாடிப் பக்கத்து நெசவுக்காரப் பெரியவர். கட்டிலின் தலைமாடு வடக்கே இருந்தது. "வடக்க தல வெச்சா எமனுக்கு நாமளே தாக்கல் சொல்லி வரச்சொன்ன மாதிரி சாமி" என்று படுக்காமல் உட்கார்ந்தே இருந்தாராம். நீயும் நம் ஊர்ப் பிள்ளைதானே, தலையணையைத் தெற்கே மாற்றிப் போட்டாய். சோதிக்க வந்த டாக்டரம்மா முகம் பார்க்கப் போர்வையை விலக்கினால், இரண்டு பாதங்கள்! மார்க் குறைந்தது. "போனாப் போகுது புள்ள, மனுசன் நிம்மதியாத் தூங்குனாரு" என்று சிரித்தாய்.

இப்போது பெண்கள் பள்ளிக்கூடத்திலேயே, பதினொன்றாவதில் நர்ஸிங் தொழிற்பிரிவு வந்திருக்கிறது. மகள் அதில்தான் சேருவேன் என்கிறாள்.

"ஊரான் மூத்திரம் அள்ளவா புள்ளயப் படிக்க வெக்கறது? அப்பறம் எவன் கட்டிக்குவான்?" என்றார் இவர்.

"இப்ப அள்ளுனது உங்கம்மாளுதுதானுங்கப்பா" என்றாள் மகள், பவுடர் டப்பாவை மூடிக்கொண்டே. அவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு காட்டு வேலைக்குப் போய்விட்டார்.

நோயாளியைத் தொடுமுன் உள்ளங்கைகளைத் தேய்த்துச் சூடாக்கிக்கொள்ள வேண்டும் என்பாய். விளக்கேற்றிக் கும்பிட்டதும் நான் செய்யும் முதல் வேலை அதுதான். மகளுக்கும் அதைப் பழக்கியிருக்கிறேன்.

ஆனால் இவர் கேட்டதும் பொய்யில்லை. நர்ஸ் என்றதும் உனக்கு வந்த வரனெல்லாம் தட்டிப்போனது. காய்ச்சலில் போய்ச்சேரும்வரை தனியாகவே இருந்தாய். அந்தத் தனிமை உனக்கு எப்படி இருந்தது என்று கேட்க எனக்கு வாய் வந்ததில்லை.

மாரியம்மனிடம் பூ வைத்து உத்தரவு கேட்கச் சொல்கிறார் இவர். அம்மன் கோபித்துக்கொள்ளக் கூடாது, இதை உன்னிடம்தான் கேட்க வேண்டும். இன்னொரு பிறவி கிடைத்தால் அந்தப் படிப்புக்கே போவாயா?

திங்கட்கிழமையோடு சேர்க்கை முடிகிறது. அதற்குள் கனவிலாவது வந்து பதில் சொல்லு, கண்ணு.