உன் பேரில் ஒரு கிண்ணம்

மச்சான்,

நோர்பரிக் கடையில் வாங்கிய அரிசி மூட்டையை இறக்கலாம் என்று சற்று முன் கார் டிக்கியைத் திறந்தேன். உன் கையுறைகளின் மணம் முகத்தில் வந்து அடித்தது. நனைந்த றப்பர், சேறு, போட்டிக்கு முன் நீ தோளில் தேய்க்கிற நோவெண்ணெய், எல்லாம் சேர்ந்த நாற்றம். நீ போன பிறகு உன் மனைவி அவற்றை என்னிடம் தந்தபோது, கழுவி வெயிலில் போடவேண்டும் என்று நினைத்தேன். லண்டனில் வெயிலுக்கு எங்கே போவது? அப்படியே பையில் கிடந்துவிட்டன. இன்று ஊர்ப் பள்ளிக்கூடங்களின் பழைய மாணவர் அணிகள் இங்கே ஆடுகிற உதைபந்தாட்டப் போட்டிக்கு அவற்றையும் கொண்டு போனேன். உன் மகனிடம் கொடுப்பதாகத்தான் எண்ணம்.

கொடுக்கவில்லை. ஏன் என்று உன்னிடம்தான் சொல்லவேண்டும். இந்த வினையைத் தொடக்கி வைத்தவன் நீயல்லவா?

மன்னார்க் கரையில் நாம் படித்தது ஆணும் பெண்ணும் சேர்ந்து படிக்கிற ஒரு சின்னக் கலவன் பாடசாலை. மாதா கோயிலுக்குப் பின்னால் கிடந்த மணல்தான் மைதானம். யாழ்ப்பாணத்தில் பெரிய கல்லூரி என்று நாம் சொல்கிற ஆண்கள் கல்லூரிக்குப் புல் வளர்த்த மைதானமும் பார்வையாளர் மண்டபமும் இருந்தன. இங்கே வந்த பிறகாவது எல்லாரும் அகதிதானே, எல்லாரும் சமம் என்று நினைத்தோம். எத்தனையோ சாமான்களை வழியில் தொலைத்துவிட்டு வந்த சனம், இந்த ஏற்றத்தாழ்வை மட்டும் பத்திரமாகக் கொண்டுவந்து சேர்த்துவிட்டது. இங்கேயும் பெரிய கல்லூரி அணிக்கு இரவிலும் விளக்கு எரிகிற செயற்கைப் புல்தரை, சம்பளத்துக்கு ஒரு வெள்ளைக்காரப் பயிற்றுநர், கால் பிடித்துவிட ஓர் ஆள். நாம் பூங்காவில், நாய் கூட்டி வருகிறவர்களிடம் மன்னிப்புக் கேட்டபடி ஓடினோம். கோல் கம்பத்துக்கு நம் தோள்பைகள். நம் கோல் காப்பாளனும் தலைவனுமான நீ பெற்றோல் ஷெட்டில் ஷிப்ட் முடித்து, அந்தச் சீருடையோடேயே வந்து நிற்பாய். போட்டிக்கு முன் எல்லாரையும் வட்டமாக நிற்கவைத்து ஓர் அருள்நிறை மந்திரம் சொல்லச் சொல்வாய். "மாதாவே, நாலுக்கு மேல விடாதேயம்மா" என்று நீயாக ஒரு வரியைச் சேர்ப்பாய். மாதா அநேகமாக வேறு அலுவலில் இருப்பார்.

நமக்கு இருந்த தீராத வியாதி, ஆள் போதாது என்பது. பழைய மாணவனோ அவனுடைய மகனோதான் விளையாடலாம் என்பது விதி. லண்டனின் மறுகோடி எட்மண்டனில் இருந்து வருகிற ஒருவனுக்கு ரயில் தவறினால் நாம் பத்துப் பேரோடு இறங்குவோம். அதற்குத்தான் நீ அந்த வழியைக் கண்டுபிடித்தாய். லூயிஷாமில் நடந்த பழைய மாணவர் சங்கங்களின் கூட்டத்தில் எழும்பி நின்று, "எங்கட பள்ளிக்கூடத்தில பொம்பிளைப் பிள்ளையளும் படிச்சவை. தாய் படிச்சாலும் படிச்சதுதானே? அவையின்ர பெடியளையும் விளையாட விடுங்கோ" என்றாய். மற்ற எல்லாம் ஆண்கள் கல்லூரிகள். இந்த விதி வந்தால் நமக்கு மட்டும்தான் ஆள் கூடும் என்பது உன் கணக்கு. "ஏழை சொல் அம்பலம் ஏறாது, இரடாப்பா" என்று உன் சட்டையைப் பிடித்து இழுத்தேன். பெரிய கல்லூரிச் சங்கத் தலைவர்தான் முதலில் கை தூக்கினார். வெளியே வந்ததும், "பாத்தியே, ஏறிட்டுது" என்றாய். அன்று உன்னைப் பிடிக்க முடியவில்லை.

அவர் ஏன் கை தூக்கினார் என்று அடுத்த கூட்டத்தில் தெரிந்தது. யாழ்ப்பாணத்துப் பெண்கள் கல்லூரியைத் தங்கள் சகோதரக் கல்லூரி என்று கொண்டுவந்து சேர்த்தார்கள். தாய் அங்கே படித்திருந்தால் மகன் இவர்களுக்கு விளையாடலாம். லண்டனில் நமக்குத் தெரிந்த தாய்மாரில் பாதிப்பேர் அங்கே படித்தவர்கள். நம் அணிப் பெடியன்களின் தாய்மாரும்தான், உன் மனைவியும்தான். கிணறு வெட்டப் பூதம் புறப்பட்டது. நல்லாய் ஓடுகிறவனாகப் பார்த்து ஒவ்வொருவனாக எடுத்தார்கள். கடைசியில் உன் மகனையும் கேட்டார்கள்.

நீ மறுப்பாய் என்று நினைத்தேன். "தாய் வழியும் செல்லும் எண்டு கேட்டவன் நான். என்ர பிள்ளைக்கு மட்டும் செல்லாது எண்டு எப்பிடிச் சொல்லுறது?" என்றாய். நீயே அவனைக் காரில் ஏற்றிக்கொண்டு போய் அவர்களுடைய பயிற்சியில் இறக்கிவிட்டு, வேலிக்கு வெளியே நின்று பார்த்தாய். உன்னுடைய அந்த நேர்மையில் எனக்கு இன்னும் கோபம் இருக்கிறது. நம்மிடம் இருந்த ஒரே சொத்து அதுதான், அதையும் அவர்களுக்கே பயன்படக் கொடுத்துவிட்டாய். அந்த வருடம் நம் அணி இல்லாமல் போனது. அடுத்த வருடம் நீயும்.

இப்போது உன் பேரில் ஒரு கிண்ணம் வைத்திருக்கிறார்கள். நன்னடத்தைக் கிண்ணம். "அண்ணை, நீங்கள்தான் வந்து குடுக்கவேணும். அவற்ற கூட்டாளி எண்டு வேற ஆர் இருக்கினம்?" என்று கொமிட்டியில் இருந்து போன் எடுத்தார்கள். எவ்வளவு கோல் வாங்கினாலும் மத்தியஸ்தரோடு ஒரு சொல் பேசாமல், எல்லாருக்கும் கை கொடுத்துவிட்டு வருகிறவன் நீ. தோற்றவன் சத்தம் போடாமல் போனது அவர்களுக்கு அவ்வளவு பிடித்திருக்கிறது. வரமாட்டேன் என்று சொல்ல வாய் வந்தது. உன் பேருக்காகப் போனேன்.

பெரிய கல்லூரிதான் சாம்பியன். நன்னடத்தையும் அவர்களுக்கேதான். மைதான ஓரத்து மரவாங்கு நிறைய மாற்றாட்களை இருத்தி வைத்திருக்கிறார்கள், எவனும் களைக்க முதல் வெளியே எடுத்துவிடுகிறார்கள். களைக்காதவனுக்குக் கோபம் ஏன் வரப்போகிறது? கிண்ணம் வாங்க அணித்தலைவனைக் கூப்பிட்டார்கள். உன் மகன் வந்தான். அதே நெற்றி, அதே அகட்டின நடை. உன் கிண்ணத்தை உன் மகன் கையிலேயே கொடுத்தேன். எல்லாரும் கைதட்டினார்கள். நானும் தட்டினேன்.

பிறகு கார் நிற்கிற இடத்துக்கு என்னைத் தேடி வந்தான். நல்ல பிள்ளை மச்சான், அதையும் சொல்லவேணும்.

"தாங்க்ஸ் அங்கிள். அப்பா ஹாப்பியா இருப்பார் என்ன? அவற்ற பேர் இனி எங்கட ஸ்கூல் கபினெட்டில இருக்கும்."

எங்கட ஸ்கூல் என்றான். வஞ்சகம் இல்லாமல்தான் சொன்னான். மாதா கோயில் மணலை அவன் கண்டதே இல்லை, அவனிடம் நான் எதைக் கேட்பது? நான் டிக்கியைத் திறந்து, கையுறைகளைக் கையில் எடுத்திருந்தேன்.

"அது என்ன அங்கிள்?"

"ஒண்டுமில்லையடா. பழைய சாமான்," என்று பைக்குள் போட்டு மூடினேன்.

கொடுத்திருந்தால் அதையும் அவர்களுடைய கண்ணாடி அலுமாரியில் வைத்திருப்பார்கள். கழுவி, வாசம் போட்டு, கீழே உன் பேரும் எழுதி. வேண்டாம். இந்த நாற்றமாவது நம் பள்ளிக்கூடத்திடம் இருக்கட்டும். பள்ளிக்கூடம் என்று இங்கே இப்போது நான் ஒருவன்தான், மச்சான். ஆள் போதாதுதான்.