கெடார் அரசப்பன் கச்சேரிக்கு வந்திருந்தது பற்றி

மனுதாரர்:
லூர்துமேரி, வயது 34,
மிஷன் ஆரம்பப் பள்ளி உபாத்தியாயினி,
கூட்டேரிப்பட்டு, திண்டிவனம் தாலூகா.

சமுகம்:
கனம் ஜில்லா ஜட்ஜ் அவர்கள்,
தென்னாற்காடு ஜில்லா.

விஷயம்: காலஞ்சென்ற சவுரியம்மாள் எழுதிவைத்த உயிலை நிரூபிக்க நான் போட்ட மனு, சாட்சி ஆஜராகவில்லை என்று தள்ளுபடியானது, அந்தச் சாட்சி மூன்று வாய்தாவிலும் வந்திருந்தது, இப்போது சாகக்கிடக்கும் அவருடைய வாக்குமூலத்தை அவர் குடிசைக்கே ஆள் அனுப்பிப் பதிவு செய்யக் கோருவது.

கனம் பொருந்திய ஐயா அவர்களுக்கு,

1. இம்மனுவை நானே எழுதுகிறேன். கோர்ட்டுக் கச்சேரி வாசலில் உட்கார்ந்து மனு எழுதிக் கொடுப்பவரிடம்தான் முதலில் போனேன். எல்லாவற்றையும் கேட்டுவிட்டு, இதில் கோபம் அதிகமாயிருக்கிறது, அதைக் கழித்துவிட்டு எழுதித் தருகிறேன் என்றார். கழித்தால் மிச்சம் ஒன்றும் இராது என்று தோன்றியதால் எழுந்து வந்துவிட்டேன். எங்கேனும் மரியாதைக் குறைவு தென்பட்டால் அது எழுத்துப் பழக்கம் போதாமையால் நேர்ந்தது. தங்கள் பேரில் எனக்கு யாதொரு மனத்தாங்கலும் இல்லை. எந்தக் கச்சேரி என்று பெயரிட்டு எழுதவில்லை. இணைத்துள்ள நகல்களைப் பார்த்தால் தங்களுக்கே விளங்கும். தங்கள் கைக்கு வருமுன் இந்த உறையை வேறு பலரும் பிரிக்கக்கூடும் என்பதே காரணம்.

2. சவுரியம்மாள் விழுப்புரம் ரயில்வே பங்களாக்களில் முப்பத்தொரு வருஷம் ஆயா வேலை பார்த்தவர். புருஷன் இல்லை, பிள்ளை இல்லை. 1910-ம் வருஷத்துக் காலராவில், மண் வெட்டும் கூலிகளாயிருந்த என் தாய் தகப்பன் இருவரும் ஒரே நாளில் இறந்தார்கள். இறந்த தாயின் பக்கத்தில் கிடந்த என்னை எடுத்துப் போய் வளர்த்தார். படிக்க வைத்தார். வேலையை விட்டபிறகு கூட்டேரிப்பட்டில் ஓட்டு வீடு ஒன்றும், அதன் பின்புறம் மல்லாட்டை, அதாவது நிலக்கடலை, போடும் நாற்பது சென்ட் கொல்லையும் வாங்கினார். எங்கள் ஜனங்களில் சொந்தக் கொல்லையில் மல்லாட்டை பிடுங்கியவர் அவ்வூரில் அவர் ஒருவரே. 1938-ம் வருஷம் அவ்விரண்டையும் எனக்கென்று உயில் எழுதிவைத்தார். உயிலை எழுதியவர் உபதேசியார் இருதயராஜ். அவரே ஒரு சாட்சி. மற்றொரு சாட்சி பாரவண்டி ஓட்டிக்கொண்டிருந்த கெடார் அரசப்பன். நான் சிறு வயது முதல் பெரியப்பா என்று அழைப்பவர்.

3. சவுரியம்மாள் 1941-ம் வருஷம் நவம்பர் மாதம் இறந்தார். கிறிஸ்தவர் உயில் கோர்ட்டில் நிரூபணமாகிப் புரோபேட் வாங்கினால்தான் செல்லும் என்றும், சாட்சிகளில் ஒருவராவது நேரில் வந்து சொல்லவேண்டும் என்றும் அறிந்தேன். நான் அவர் வயிற்றில் பிறந்தவளல்ல. ஆகவே உயில் போனால் எனக்கு ஒன்றும் இல்லை. எல்லாம் அவருடைய அண்ணன் மகன் சவுரிராயனுக்குப் போய்விடும். சவுரிராயன் அத்தையை உயிரோடிருக்கையில் வந்து பார்த்ததில்லை, அடக்கத்துக்கும் வரவில்லை. கோர்ட்டு நோட்டீசு போனபோது ஆட்சேபணையும் போடவில்லை. சும்மா காத்திருந்தால் போதும் என்று யாரோ அவருக்குச் சொல்லியிருக்கிறார்கள். சொன்னவர் கச்சேரியின் போக்கு நன்றாகத் தெரிந்தவர்.

4. 1942 மார்ச்சில் மனுப் போட்டேன். வக்கீல் வைக்கச் சக்தியில்லாததால் நானே எழுதினேன். சொத்து விவரத்துக்கு இரண்டாம் பிரதி இல்லை என்று முதலில் திருப்பினார்கள். எழுதிக் கொடுத்தேன். பிறகு, மனுவில் என்னை மகள் என்றும் சவுரியம்மாளைத் தாயார் என்றும் எழுதியிருப்பது தப்பு என்று திருப்பினார்கள். பதினோரு இடங்களில் தாயார் என்ற சொல்லை என் கையாலேயே அடித்து, மேற்படி இறந்துபோன சவுரியம்மாள் என்று எழுதினேன். அன்று எனக்கு ஏற்பட்ட துக்கம் அவரைப் புதைத்த அன்றுகூட ஏற்படவில்லை. மூன்றாவதாக மரணப் பதிவின் நகல் கேட்டார்கள். கிராம ரிஜிஸ்தரைப் புரட்டினால் அந்தத் தேதியில் "சேரிக் கிழவி, ஒன்று" என்று இருந்தது. பெயர் இல்லை. அந்த ஒன்று யார் என்று மணியக்காரரைக் கொண்டு எழுதி வாங்க ஐந்து மாதம் நடந்தேன். அந்த ஐந்து மாதத்துக்குள் உபதேசியார் இருதயராஜ் விஷஜுரத்தில் இறந்தார். இரண்டு சாட்சியில் ஒருவர் மிஞ்சினார்.

5. முதல் வாய்தா 1943 ஜூலையில். அரசப்பனுக்கு அப்போதே அறுபத்தெட்டு வயது. கெடாரிலிருந்து முதல் நாளே நடந்து புறப்பட்டு, சத்திரத்துக்கு வெளியே படுத்திருந்து, பொழுது விடிய கச்சேரிக்கு வந்து சேர்ந்தார். காம்பவுண்டு வாசலில் உள்ள புளியமரத்தின் கீழ் நின்றார். அதற்கு மேல் வரக்கூடாது என்று பலகை ஏதும் கிடையாது. யாரும் எதுவும் சொல்லவில்லை. பொது இடங்களில் எங்கள் ஜனங்களைத் தடுக்கலாகாது என்று 1938-ம் வருஷமே சட்டம் செய்திருக்கிறார்கள். பிள்ளைகளுக்கு அதை நானே பாடம் சொல்லியிருக்கிறேன். இருந்தும் எங்களவர் கால் அந்த மரத்தடியில் தானாக நின்றுவிடுகிறது. நான் ரவிக்கை போட்டவள், பையில் பேனா வைத்திருப்பவள். ஆகையால் தாழ்வாரத்தின் ஓரத்தில் போய் உட்கார்ந்தேன். பெரியப்பாவும் மேலே வரலாம் என்று நான் கூப்பிடவில்லை. கூப்பிட்டால் என்னையும் சேர்த்துக் கீழே இறங்கச் சொல்வார்களோ என்று பயந்தேன். இதை மறைத்து எழுத எனக்கு மனம் வரவில்லை.

6. டவாலி சேவகர் வாசற்படியிலிருந்து பெயரை மூன்று தரம் கூப்பிட்டார். மரத்தடிக்கு அது எட்டவில்லை. நான் ஓடிப்போய் அழைத்துவருவதற்குள் அடுத்த கேஸை எடுத்துவிட்டார்கள். ஆகஸ்டில் அவரைப் படிக்குப் பக்கத்தில் நிற்கச் செய்தேன். வக்கீல்கள் வருகிற வழி என்று சேவகர் கையைக் காட்ட, அவர் ஒதுங்கி ஒதுங்கி ஜட்கா வண்டிகளுக்குப் பின்னால் போய்விட்டார். அன்றும் பெயர் கூப்பிட்டது அவருக்கு எட்டவில்லை.

7. மூன்றாவது வாய்தா செப்டம்பரில். அதைக் கொஞ்சம் விரிவாக எழுத அனுமதிக்க வேண்டுகிறேன், ஏனென்றால் மனு தள்ளுபடியானது அன்றுதான். எங்கேயும் நகரக்கூடாது என்று சொல்லி அவரைப் படியிலிருந்து ஐந்தடி தூரத்தில் நிறுத்தினேன். என்னை முதலில் உள்ளே அழைத்தார்கள். சேவகர் வெளியே போய், அரசப்பன், அரசப்பன், கெடார் அரசப்பன் என்று கூப்பிட்டது எனக்கே நன்றாகக் கேட்டது. பிறகு உள்ளே வந்து இல்லை என்றார். இருக்கிறார் ஐயா, வெளியே நிற்கிறார் என்றேன். கேட்கும்போது பதில் சொன்னால் போதும் என்று சிரஸ்தார் சொல்லிவிட்டு, சாட்சி ஆஜராகவில்லை என்று எழுதி அதிகாரி முன் வைத்தார். அதிகாரி எழுதியிருந்ததைப் படித்துக் கையெழுத்திட்டார். அவர் பேரில் நான் குறை சொல்லவில்லை. அவர் உட்காரும் இடத்திலிருந்து வாசற்படி தெரியாது.

8. வெளியே வந்து பார்த்தால் பெரியப்பா நிறுத்திய இடத்தைவிட இரண்டடி முன்னால், படியை ஒட்டி நின்றுகொண்டிருந்தார். துண்டைக் கக்கத்தில் இடுக்கி, முதுகை வளைத்து, வலது கையால் வாயைப் பொத்தியிருந்தார். சேவகர் அவருடைய தலைக்கு மேலாகப் பார்த்து மூன்று தரம் கூப்பிட்டுவிட்டுப் போயிருக்கிறார். எனக்கு ஆத்திரம் தலைக்கேறியது. கேஸுக்கு வந்திருந்த கட்சிக்காரர்கள் எல்லோரும் பார்க்க, உங்களுக்கென்ன வாய் ஊமையா, என் வீட்டைத் தொலைத்தீர்களே என்று திட்டினேன். அவர் வாயிலிருந்து கையை எடுக்காமலே சொன்னார்:

"கூப்ட்டது கேட்டுதும்மா. ஒடனே கிட்ட போயி நின்னேன். பேசுன்னு யாரும் சொல்லலியே."

ஐயா, இதைத் தங்களுக்கு விளக்கவேண்டும். மேலிடத்திலிருந்து கூப்பிட்டால் எங்கள் ஜனங்கள் ஏன் என்று பதில் குரல் கொடுக்கமாட்டார்கள். குரல் கொடுப்பது திமிர். அருகில் போய் வாய் பொத்தி நிற்பார்கள்; பேசு என்றபிறகுதான் பேசுவார்கள். அறுபத்தெட்டு வருஷம் அவரை அப்படிப் பழக்கிவைத்துவிட்டு, ஒரே ஒரு நாள் அவர் உரக்கப் பதில் சொல்லவில்லை என்று அவரை இல்லாதவராக எழுதிவிட்டார்கள். அதே ஜனங்களில் பிறந்து வளர்ந்த நான் அவருக்கு முன்கூட்டியே சொல்லிவைக்காதது என் பிசகு. படிப்பு வந்த பிறகு நான் அதை மறந்துபோனேன்.

9. மனுவைத் திரும்ப நம்பரில் எடுத்து விசாரிக்கும்படி அக்டோபரில் எழுதிக் கொடுத்தேன். சாட்சியை நேரில் கொண்டுவந்தால் யோசிக்கலாம் என்றார்கள். அதற்குள் அவர் படுத்துவிட்டார். நெஞ்சில் சளி கட்டி, இருமினால் இரத்தம் வருகிறது. டாக்டர் சர்டிபிகேட்டோடு, வீட்டுக்குப் போய் வாக்குமூலம் வாங்கக் கமிஷன் கேட்டேன். ஒரு வக்கீலை நியமித்தார்கள். அவர் சேரிக்குள் வர இயலாதென்றும், சாட்சியை ரஸ்தா ஓரத்துக்குக் கொண்டுவரவேண்டும் என்றும் சொல்லியனுப்பினார். டிசம்பர் 14-ந் தேதி கெடார் சேரியிலிருந்து நான்கு பேர் அவரைக் கயிற்றுக் கட்டிலோடு தூக்கிவந்து ரஸ்தா ஓரத்து வேலமரத்தடியில் வைத்தார்கள். காலை எட்டு மணி முதல் விளக்கு வைக்கும் நேரம் வரையில் காத்திருந்தோம். அன்று வாடைக்காற்று. அவருடைய மகள் அஞ்சம்மாள் தன் சேலைத்தலைப்பால் அவருடைய மார்பைப் போர்த்திக்கொண்டே உட்கார்ந்திருந்தாள். வக்கீல் வரவில்லை. இருட்டியபிறகு தூக்கிக்கொண்டு திரும்பினோம். சாட்சியின் இருப்பிடம் அணுகத்தக்கதாயில்லை என்று ரிப்போர்ட் செய்திருப்பதாகப் பத்து நாள் கழித்துத் தெரிந்துகொண்டேன்.

10. போன வாரம் சவுரிராயன் இரண்டு ஆட்களோடு வந்து வீட்டை அளந்தார். முன் அறையில் தன் பூட்டைப் போட்டுவிட்டார். மாசி பிறப்பதற்குள் மீதியையும் காலி செய்யவேண்டும் என்றார். சத்தம் போடவில்லை, மரியாதையாகவே சொன்னார். அந்த அறையில் சவுரியம்மாளின் ஜெபமாலையும் என் பள்ளிப் பிள்ளைகளின் சிலேட்டுகளும் இருக்கின்றன.

11. பெரியப்பாவைப் பார்க்க வாரம் இருமுறை கெடாருக்குப் போய்வருகிறேன். இன்னும் பத்து நாள் தாண்டினால் அதிசயம் என்று டாக்டர் சொல்லியிருக்கிறார். நான் போகும்போதெல்லாம் தன்னால்தான் வீடு போயிற்று என்று அழுகிறார். நான் அன்று திட்டியது அவர் மனதில் அப்படியே தங்கிவிட்டது. அது உங்கள் குற்றமல்ல என்று எத்தனையோ முறை சொல்லிவிட்டேன். நான் சொல்வதை அவர் நம்பவில்லை. கச்சேரியே எழுதிவிட்டதே என்கிறார்.

12. ஆகவே கனம் பொருந்திய தங்களை நான் வேண்டுவது: மேற்படி மனுவைத் திரும்ப நம்பரில் எடுக்க உத்தரவிடவேண்டும். சேரிக்குள் வர மனமுள்ள ஒரு அதிகாரியை, யாராயிருந்தாலும் சரி, இந்தப் பத்து நாளுக்குள் கெடாருக்கு அனுப்பவேண்டும். ரஸ்தாவிலிருந்து குடிசை நூற்றறுபது அடி, நானே அளந்தேன். வழியைப் பெருக்கி வைக்கிறோம், உட்கார நாற்காலி பள்ளியிலிருந்து கொண்டுவருகிறேன். அதற்குள் அவர் இறந்துவிட்டால், வீடு எனக்கில்லை என்பது எனக்குத் தெரியும். அப்போதும் சாட்சி ஆஜராகவில்லை என்ற வரியை மட்டுமாவது தாங்கள் அடித்துத் திருத்தவேண்டும். தாயார் என்ற சொல்லைப் பதினோரு இடத்தில் அடிக்க எனக்கு உத்தரவிட்ட கச்சேரிக்கு, ஒரு வரியை அடிப்பது பெரிய சிரமமாயிராது.

13. தங்கள் ஆள் வருவதற்குள் ஏதாவது நேர்ந்துவிடுமோ என்று அஞ்சி, அவர் கோர்ட்டில் சொல்ல வைத்திருந்ததை நேற்று அவர் சொல்லச் சொல்ல எழுதி ரேகை வாங்கியிருக்கிறேன். இது சட்டப்படி செல்லாது என்பதை அறிவேன். இருந்தாலும் தாங்கள் ஒருமுறை படிக்கவேண்டும். படிக்க ஒரு நிமிஷம்கூட ஆகாது.

தங்கள் உத்தரவை எதிர்பார்த்திருக்கும்,
(கையொப்பம்) லூர்துமேரி

இடம்: கூட்டேரிப்பட்டு
தேதி: 20-1-1944

இணைப்பு: கெடார் அரசப்பன் சொன்னது

நான் கெடார் அரசப்பன்ங்க. எனக்கு எழுதத் தெரியாது. மேரி எழுதிக்கினு இருக்குது, நான் சொல்லிக்கினு இருக்கேன். சவுரியம்மா வூட்ல வச்சி உபதேசியாரு இருதயராஜ் உயில எழுதினாரு. எழுதினத ரெண்டு வாட்டி படிச்சிக் காட்டினாரு. சவுரியம்மா தெளிவா இருந்தாங்க. ஒடம்புக்கு ஒண்ணும் இல்ல. யாரும் மெரட்டல. எங்க ரெண்டு பேரு எதிர்ல அவங்க கைநாட்டு வச்சாங்க. அவங்க எதிர்ல உபதேசியாரு கையெழுத்து போட்டாரு, நான் ரேகை வச்சேன். வூடும் கொல்லையும் மேரிக்கித்தான்னு அவங்க வாயால சொன்னத நான் காதால கேட்டேன். எனக்குத் தெரிஞ்சது இவ்ளோதாங்க. இத சொல்லத்தான் வந்தேன். அய்யாமாருங்க மூணு வாட்டி கூப்ட்டு நான் பதில் சொல்லாம நின்னுட்டேன், மன்னிக்கணும்ங்க. இன்னொரு வாட்டி கூப்ட்டா சொல்லிடுவேங்க.

(அரசப்பன், இடது கைப் பெருவிரல் ரேகை)