நீ கேட்ட குளியலறைச் சுவர்

குளிக்கப் போகும்போதுகூடப் பாடிக்கொண்டே போகும் என் அம்மாவுக்கு,

கோபத்தோடுதான் எழுதுகிறேன். நம் குளியலறையில் வேலை நடந்து முடிந்திருக்கிறது. ஆமாம், அதே குளியலறைதான். நீ உயிரோடு இருந்தவரை நடக்காத வேலை, உன் முதல் வருஷத் திவசத்துக்காக நடந்திருக்கிறது.

தண்ணீர்த் தொட்டிக்கு மேலே சுவர் முழுக்கக் கறுப்புப் பூஞ்சை. பெயிண்ட் அப்பளம் போல உப்பி, தொட்டால் உதிர்ந்து தண்ணீரில் மிதக்கும். "உள்ள போனா கொஞ்சம் வெளிச்சமா இருக்கணுங்க. லேசா மஞ்சள் அடிச்சாப் போதும்" என்று நீ கேட்பாய். அப்பா சாப்பிட்டுக்கொண்டே "பாப்போம்லா" என்பார். அதை நான் முதன்முதலில் கேட்டபோது தமிழ்ப்பள்ளியில் இரண்டாம் ஆண்டு. நீ போகும்வரை ஏழு வருஷம் அதே கேள்வி, அதே பதில். அகராதியில் என்ன போட்டிருந்தாலும், நம் வீட்டில் அந்தச் சொல்லுக்கு 'முடியாது' என்றுதான் பொருள்.

போன மாதம் சிலிம் ரிவரிலிருந்து அத்தை போன் செய்தார். தம்பியிடம் அவர் பேசும் விதம்தான் உனக்குத் தெரியுமே.

"டேய், திவசத்துக்கு நாங்க பத்துப் பேரு வாரோம். அந்த பாத்ரூம முதல்ல சரி பண்ணு. போன தடவ உள்ள போயிட்டு குளிக்காமலே வந்துட்டேன். எங்க சம்பந்தி வீட்டுக்காரங்க வேற வாராங்க, மானம் போயிடும்லா."

"சரிக்கா, செஞ்சிடுறேன்" என்றார் அப்பா.

அத்தை ஒரே ஒரு தடவைதான் கேட்டார், அம்மா. உன் குரலில் அப்படி என்ன குறை?

மறுநாள் மாலை அப்பா ஒரு சுருள் ஸ்டிக்கர் வாங்கி வந்தார். வெள்ளையில் சாம்பல் கோடு ஓடும் மார்பிள் படம். சிம்பாங் பூலாய் குவாரியிலிருந்து நாள் முழுக்க நிஜ மார்பிள் ஏற்றி லாரி ஓட்டுகிற மனிதர், சொந்த வீட்டுக்கு மார்பிள் படம் போட்ட தாள்! சுருளின் பின்னால் இருந்த குறிப்பை நான் உரக்க வாசித்தேன். சுவர் நன்றாகக் காய்ந்திருக்க வேண்டும், பழைய பெயிண்டைச் சுரண்டியிருக்க வேண்டும் என்று மலாயில் தெளிவாகவே இருந்தது.

"நீ ஒருத்தி, எதெடுத்தாலும் படிச்சுக்கிட்டு. மேல ஒட்டிட்டா கீழ என்ன இருக்குன்னு யாரு பாக்கப் போறா?"

"பூஞ்சை பாக்கும்ப்பா."

"வாய் ரொம்ப நீளம்லா உனக்கு. கத்திரிக்கோலக் குடு."

இருட்டுவதற்குள் ஒட்டி முடித்துவிட்டார். மறுநாள் பள்ளி விட்டு வந்து முகம் கழுவும்போது பார்த்தேன். கண்ணாடிக்குப் பக்கத்தில் மட்டும் அந்த மார்பிளில் சின்னச் சின்னப் புடைப்புகள். விரலால் தடவினேன். எல்லாம் வட்டமாக இருந்தன. என்னவென்று உடனே தெரிந்துவிட்டது.

குளிக்கும் முன் நெற்றிப் பொட்டை எடுத்துச் சுவரில் ஒட்டுவாய். குளித்துவிட்டுப் புதிதாக ஒன்று வைத்துக்கொள்வாய். பழையதெல்லாம் அங்கேயே இருக்கும். நீ போன பிறகு நான் அவற்றைத் தொடவில்லை. பல் துலக்கும்போது பார்ப்பேன், அவ்வளவுதான். அப்பா அவற்றின் மேலேயே ஒட்டிவிட்டார்.

மூலையைப் பிடித்து இழுத்தேன். ஈரச் சுவர்தானே, பெயிண்டையும் சேர்த்துக்கொண்டு மொத்தமாக உரிந்து வந்தது. தாளின் பின்பக்கம் உன் பொட்டுகள், மெரூன் நிறத்தில் பதினான்கு. நான் கத்தியதில் அப்பா கைலியை இறுக்கிக்கொண்டே ஓடி வந்தார்.

"ஏன்டி இத உரிச்ச? பைத்தியமா உனக்கு?"

தாளைத் திருப்பிக் காட்டினேன். அப்பா குனிந்து பார்த்தார்.

"இத நான் பாக்கவே இல்லம்மா."

"அதாம்ப்பா. பாப்போம் பாப்போம்னு சொன்னீங்க. பாக்கவே இல்ல."

அடிப்பார் என்று நினைத்தேன். அவர் தொட்டி விளிம்பில் உட்கார்ந்துவிட்டார். நான் ஒரு பொட்டை மறுபடி சுவரில் ஒட்டிப் பார்த்தேன். பசை போய்விட்டது. நிற்கவில்லை.

பூஞ்சையால் நீ சாகவில்லை, இதயம்தான் காரணம் என்று மருத்துவமனையில் சொன்னார்கள். அதனால் அப்பாவைப் பெரிய குற்றவாளி ஆக்க எனக்கு நியாயம் இல்லை. இது எனக்குத் தெரியும். தெரிந்தால் கோபம் போய்விடுமா?

உன் மேலும் கோபம்தான். ஏன் அவ்வளவு மெதுவாகக் கேட்டாய்? ஒரு நாள் சமைக்காமல் படுத்திருக்கலாமே? நீயே ஒரு பிரஷ்ஷை எடுத்திருக்கலாமே? இரண்டு பேர் சேர்ந்து நின்றால் இடிக்கிற அறை அது. அதற்கு எவ்வளவு நேரம் ஆகும் என்று இப்போது எனக்குத் தெரியும்.

மறுநாள் புந்தோங் ஹார்டுவேர் கடைக்கு நானே போனேன். ஸ்டிக்கர் கதையைக் கேட்டதும் கடைக்காரச் சீனத் தாத்தா, "பாசா மானா லெக்காட், அமொய்!" என்றார். ஈரத்தில் எது ஒட்டும், பெண்ணே! நான் அவர் சொன்னதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டேன். சுரண்டினேன். பூஞ்சை மருந்து போட்டுத் தேய்த்தேன். வாசலில் மேசை விசிறியை வைத்து மூன்று நாள் காயவிட்டேன். அதுவரை கொல்லைக் குழாயில்தான் எங்கள் இருவருக்கும் குளியல். சுரண்டத் தொடங்கிய இரண்டாம் நாள் அப்பா வந்து, எனக்கு எட்டாத மேல்பகுதியைச் சுரண்டிக் கொடுத்தார். நன்றி சொன்னேனா என்று கேட்காதே. சொல்லவில்லை.

பிறகு ஈரம் தாங்கும் அடிப்பூச்சு. இடுப்பு உயரம்வரை பிளாஸ்டிக் பலகை ஒட்டி, இடைவெளியெல்லாம் சிலிக்கான் வைத்து அடைத்தோம். அதற்கு மேலே பெயிண்ட்.

பெயிண்ட் வாங்க அப்பாவும் கூட வந்தார். கடையில் நிற அட்டையை விரித்தபோது மஞ்சளிலேயே ஆறு இருந்தன. அப்பா என்னைப் பார்த்தார். "அம்மா எதச் சொன்னா?"

எனக்கும் தெரியவில்லை, அம்மா. நீ 'லேசா மஞ்சள்' என்றுதான் சொல்லியிருக்கிறாய். எந்த மஞ்சள் என்று நாங்கள் யாருமே கேட்டதில்லை. நானும் கேட்டதில்லை. கடைக்குள்ளேயே எனக்கு அழுகை வந்தது. அது பாதி என் மேல் இருந்த கோபம்.

ஆறில் ஒன்றை எடுத்தோம். உனக்குப் பிடித்திருக்குமா? நேற்று இரண்டாவது பூச்சும் முடிந்தது. உள்ளே வெளிச்சமாகத்தான் இருக்கிறது.

ஞாயிற்றுக்கிழமை எல்லாரும் வருவார்கள். அத்தை குளித்துவிட்டு வந்து, "தம்பி நல்லா செஞ்சிருக்கான்லா" என்பார். அப்போது நான் சம்பந்தி வீட்டார் முன்னாலேயே சொல்வேன்: "இது உங்களுக்காக இல்ல, அத்த. அம்மா ஏழு வருஷமா கேட்டது." அப்பா தலை குனிந்தாலும் சொல்வேன். உன்னைப் போல மெதுவாகச் சொல்ல மாட்டேன். சத்தியம்.

உன் ஒரே மகள்,
கயல்