டிவியின் பின்பலகை

அத்தா,

பள்ளிவாசலிலிருந்து வந்ததும் சாப்பிடுங்கள். மீ கோரேங் மேசையில் மூடியிருக்கிறது.

அந்தப் பழைய அகலத்திரை புரொஜெக்‌ஷன் டிவியில் சிவப்பும் நீலமும் ஒன்றுசேராமல் விலகி நிற்பது எனக்கும் தெரியும். அதற்காக, நெஞ்சில் பேஸ்மேக்கர் வைத்தவர் டிவி ஓடும்போதே பின்பலகையைக் கழற்றிக் கையை விடுவதா? “இருபது வருசமா நான்தான்லா திருகுறேன், நீ புக்குல படிச்சவ” என்றீர்கள். ஆமாம், இந்த வீட்டின் முதல் பட்டதாரி. படித்ததே மின்சாரம்தான். அணைத்த பிறகும் உள்ளே ஆளைக் கொல்லும் கரண்ட் தங்கியிருக்கும்.

பிளக்கை வெட்டி எடுத்துக்கொண்டு வேலைக்குப் போகிறேன்.

ரைஹானா

பின்குறிப்பு: வெட்டப் போனால் பின்பலகை சூடாக இருக்கிறது. நேற்று நான் முடுக்கிய திருகாணிகளில் இரண்டைக் காணோம். பள்ளிவாசலுக்குப் போகுமுன் மறுபடியும் டிவியை ஓடவிட்டுக் கழற்றியிருக்கிறீர்கள்.

மணி ஏழரை. விடிகாலை சுபுஹு தொழுகை எப்போதோ முடிந்திருக்கும். உங்களை அழைத்தால் போன் டிவிக்குப் பின்னால் அடிக்கிறது. நான் வேலைக்குப் போகவில்லை, உங்களைத் தேடிப் போகிறேன். அதற்குள் வந்துவிட்டால் எதையும் தொடாமல் உட்காருங்கள் அத்தா.