கண்ணாடிக்குள் என் கட்டை விரல்

அன்பு மச்சான் ஜமாலுக்கு,

நீ போய் இருபது நாள் ஆகிறது. பொன்னேரி பஸ் வழக்கம்போல் நடுவழியில் நின்றுவிடுகிறது. இறங்கித் தள்ள உன்னைப்போல் ஆளில்லை. நான் தள்ளுவதுபோல் கையை வைத்துக்கொண்டு பின்னால் நடக்கிறேன். அதற்கே மூச்சு வாங்குகிறது. கோட்டைக்குப்பத்தில் எல்லோரும் சுகம். எனக்குத்தான் அலுப்பாக இருக்கிறது, பேசிப் பேசி.

பட்டணத்து ஃபாக்டரிக்கு நாம் ரயிலில் போய்வந்த எழுபதுகள் நினைவிருக்கிறதா? எண்கள் எரியும் கண்ணாடிப் பலகை செய்கிற வேலை. உனக்குத் தெரியும், படிக்கிறவர்களுக்காகச் சொல்கிறேன். இரண்டு கண்ணாடித் தகடு, நடுவே மயிரிழை இடைவெளி. பின்தகட்டில் எண்களை உலோகப் பூச்சாக அச்சடித்திருக்கும். விளிம்பில் பசை தடவி உலையில் வைத்தால் இரண்டும் ஒட்டிக்கொள்ளும். உள்ளே இருக்கும் காற்றை உறிஞ்சி எடுத்துவிட்டு, கொஞ்சம் நியான் வாயுவை விட்டு, அதற்கென வால்போல் நீட்டியிருக்கும் கண்ணாடிக் குழாயை நெருப்பில் உருக்கி மூட வேண்டும். மின்சாரம் கொடுத்ததும் எண்கள் தணல்போல் எரியும்.

உள்ளே போகிற தகட்டை உறையில்லாத கையால் தொடக்கூடாது. வியர்வை பட்டால் போச்சு. நானோ வலைக்காரன் வீட்டுப் பிள்ளை. வலை அறுந்த இடத்தைக் கட்டை விரலால் தடவித்தான் கண்டுபிடிப்போம், கண்ணை நம்புவதில்லை. தூசி இருக்கிறதா என்று ஒருநாள் உறையைக் கழற்றித் தடவிப் பார்த்தேன். சுத்தமாகத்தான் இருந்தது, நான் தொடும்வரை.

மூன்றாம் நாள் சோதனை மேசையில் அந்தப் பலகை எரிந்தது. எட்டாம் எண்ணின் நடுவில் கறுப்பாக ஒரு விரல் ரேகை. குறுக்கே, நண்டு கடித்த என் தழும்பு.

சூப்பர்வைசர் குதித்தார். "யார்யா இது? எல்லாரும் வெரலக் காட்டணும். ஜமாலு, இத மேனேஜர் ரூமுக்கு எடுத்துனு வா."

நீ எடுத்துக்கொண்டு நாலடி நடந்தாய். சலீர். பலகை தரையில் தூள் தூள்.

"இன்னாயா அது, கையா காலா?" என்று அவர் கத்தினார். அந்த வாரமே உன் வேலை போயிற்று. நான் விரலை மடக்கிக்கொண்டு நின்றேன்.

ரயிலில் கேட்டேன்: "இன்னா மச்சான், கை தவறிடுச்சா?"

"வேர்த்துச்சுடா. வுடு. வேர்க்கடலை வாங்கு."

எத்தனை பலகை தூக்கிய கை அது! அன்றைக்கு மட்டும் எப்படி வேர்த்தது?

நான் அதோடு விட்டேனா? கல்யாணமோ திருவிழாவோ, மைக் கிடைத்தால் உன்னை இழுத்தேன். "எங்க ஜமால் பாய் தொட்டா பாறாங்கல்லும் சுக்குநூறு!" சனம் விழுந்து விழுந்து சிரித்தது. முன்வரிசையில் நீயும் சிரித்தாய். பழவேற்காட்டு ரேடியோ கடையில் வேலை கேட்டுப் போனபோது, "நீதானா அந்த ஒடைக்கிற பாய்?" என்று சிரித்தே அனுப்பிவிட்டார்கள். என் ஜோக் உனக்கு முன்னால் போய்ச் சேர்ந்திருந்தது. அதன்பிறகு இறால் கூடைதான் சுமந்தாய், இடுப்பு விட்டுப்போகும்வரை. ஒருநாளாவது என்னைக் காட்டிக்கொடுத்தாயா? ஏன் மச்சான்?

உன்னை அடக்கம் செய்த மூன்றாம் நாள் உன் வீட்டில் உட்கார்ந்திருந்தேன். திரைக்குப் பின்னாலிருந்து உன் பெண்டாட்டி நூர்ஜஹான் குரல் கொடுத்தாள். "அண்ணே, அந்தக் கண்ணாடி ஒடைச்ச கதையச் சொல்லுண்ணே. புள்ளைங்க மூஞ்சியப் பாக்க முடியல."

சொன்னேன். கையைக் காலை ஆட்டி, நன்றாகவே சொன்னேன். பிள்ளைகள் சிரித்தார்கள். திரைக்கு அந்தப் பக்கமும் சிரிப்புக் கேட்டது. "அவரு கை அப்படித்தாண்ணே," என்றாள் தங்கச்சி. அன்றிலிருந்து எனக்குச் சோறு இறங்கவில்லை.

வெள்ளிக்கிழமை தொழுகை முடிந்ததும் போகிறேன். அது உன் கைக்குற்றம் இல்லை, என் குற்றம் என்று பிள்ளைகள் முன்னால் சொல்லிவிடுகிறேன். வெளியே போ என்றாலும் சரி. நின்றுகொண்டேதான் சொல்வேன் மச்சான். உட்கார்ந்தால் சிரிக்க வைக்க ஆரம்பித்துவிடுவேன்.

பெண் கொடுக்காமல் எடுக்காமல் உனக்கு மச்சானான,
தேசப்பன்