சுத்தமான படம்

மார்ச் 8, சனி

மன்னிச்சுக்கோ, இந்த நேரத்துக்கு உன்னைத் திறக்கிறேன். ஊரே தூங்கியாச்சு. சில்வண்டு இப்போதுதான் வாயை மூடினாள். ஏழு வயதுக் குழந்தைக்குள் இவ்வளவு சத்தம் எங்கிருந்து வருகிறதோ, அதனால்தான் அவள் அப்பா வைத்த அந்தப் பட்டப்பெயரே நிலைத்துவிட்டது. கையைத் தேய்த்துக் கழுவிவிட்டுத்தான் உட்கார்ந்தேன். தியேட்டர் நாற்காலியின் பிசுபிசுப்பு இன்னும் விரலில் ஒட்டியிருப்பது மாதிரியே இருக்கிறது.

வகுப்பில் எல்லாரும் அந்தப் படத்தைப் பார்த்துவிட்டார்களாம், அவள் மட்டும்தான் பாக்கியாம். அழுது சாதித்தாள். போனோம். ஹீரோ ஒருத்தனைத் தூக்கிச் சுவரில் இருக்கும் கொக்கியில் மாட்டுகிறான், சட்டையை மாட்டுவது மாதிரி. எனக்குப் பின்னால் ஒருவர் விசிலடித்தார். அவர் மடியில் கைக்குழந்தை. குமட்டிக்கொண்டு வந்தது. நாள் முழுக்க லேபில் ஊசி குத்தி ரத்தம் எடுக்கிறவள் நான். குமட்டியது ரத்தத்துக்கு இல்லை, அந்த விசிலுக்கு.

நடுவில் ஒரே இடத்தில் ஹீரோ ஹீரோயினை முத்தமிடக் குனிந்தான். என் கை தானாகப் போய் சில்வண்டின் கண்ணைப் பொத்தியது. பிறந்த வீட்டுப் பழக்கம். டி.வி.யில் அப்படி ஏதாவது வந்தால் என் அப்பாவுக்குச் சரியாகத் தாகம் எடுக்கும், எழுந்து தண்ணீர் குடிக்கப் போய்விடுவார். அம்மா "ச்சீ, கண்ணை மூடு" என்பாள். அந்த ச்சீ எனக்குச் சீதனமாக வந்தது.

"படம் எப்படிடி?" என்றேன், வெளியே வந்து.

"சூப்பர்மா. ஒரே ஒரு ச்சீதான், அதுவும் குட்டி ச்சீ. மத்தபடி சுத்தமான படம். குடும்பத்தோட பாக்கலாம்."

விழுந்து விழுந்து சிரித்தேன். வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும்போதுதான் உறைத்தது. அத்தனை பேரை வெட்டிச் சாய்த்தானே. அது?

மார்ச் 9, ஞாயிறு

தக்காளி சாஸைக் கழுத்தில் பூசிக்கொண்டு ஹால் தரையில் "செத்து"க் கிடந்தாள். துடைத்த துணியை அலசக்கூட மனசு வரவில்லை. தூக்கி எறிந்துவிட்டேன்.

மார்ச் 13, வியாழன்

டீச்சர் வரச்சொல்லியிருந்தார். லேபில் ஒரு மணி நேரம் கேட்டு வாங்கிக்கொண்டு ஓடினேன். என்ன உடைத்தாளோ, யாரைக் கடித்தாளோ என்று வழியெல்லாம் கணக்குப் போட்டுக்கொண்டே போனேன்.

உடைக்கவில்லை, கடிக்கவில்லை. ஊஞ்சலிலிருந்து ஒரு பையன் விழுந்து உதடு கிழிந்துவிட்டது. நல்ல ரத்தம். பிள்ளைகள் எல்லாம் அலறியிருக்கிறார்கள். இவள் மட்டும் கிட்டே போய்க் குனிந்து பார்த்து, "கலரே சரியில்ல" என்றாளாம். அழுத பையனை இன்னொரு பெண் ஓடிவந்து கட்டிப் பிடித்திருக்கிறாள். அப்போதுதான் இவள் கத்தியிருக்கிறாள். "ச்சீ, விடு, விடு" என்று அந்தப் பெண்ணின் கையைப் பிய்த்து இழுத்திருக்கிறாள்.

"அடிபட்டதைப் பாத்து பயப்படலைங்க. ஆறுதல் சொன்னதைப் பாத்துதான் பயந்தா" என்றார் டீச்சர். "வீட்டுல ஏதாவது...?"

வீட்டில் ஒன்றும் இல்லை என்றேன். நாக்கு கசந்தது.

யாரிடம் சொல்ல? இவள் அப்பா கப்பலில், இன்ஜின் ரூமில். சிக்னல் கிடைப்பதே அபூர்வம். கிடைக்கிற ரெண்டு நிமிஷத்தில் "உங்க பொண்ணு ரத்தத்துல கலர் பாக்குறா"ன்னு சொல்லவா?

மார்ச் 15, சனி

இன்று வேண்டுமென்றே டி.வி.யில் ஒரு பழைய காதல் படம் வைத்தேன். வெட்டு குத்து இல்லாதது. கட்டிப் பிடிக்கிற காட்சி வருவதற்கு முன்பே அவள் தன் கண்ணைப் பொத்திக்கொண்டாள்.

"உனக்கு எப்படிடி தெரியும்?"

"மியூசிக் மாறும். அப்புறம் உன் கை மெதுவா அசையும். எனக்குத் தெரியாதா? நீ பொத்தினா வெங்காய நாத்தம், நானே மூடிக்கிறேன்."

என் கையை முகர்ந்து பார்த்தேன். அடித்தது.

அதே படத்தில் ஹீரோ ஹீரோயினை அறைகிறான். அவள் கன்னத்தைப் பிடித்துக்கொண்டு அவனையே காதலோடு பார்க்கிறாள். பழைய படம், வெட்டு குத்து இல்லை என்று நான் தேடி வைத்தது! அப்போது என் கை எங்கே இருந்தது? பொரியை அள்ளிக்கொண்டிருந்தது.

"இது ச்சீ இல்லையா?" என்று கேட்டேன்.

"அடிக்கிறது எப்படிம்மா ச்சீ ஆகும்? லூசா நீ? தொட்டாத்தான் ச்சீ."

அடிப்பதும் தொடுவதுதானே என்று சொல்ல வாயெடுத்தேன். இந்தப் பாடத்தை யார் நடத்தினார்கள்? படம் எடுத்தவன் மட்டுமா? வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொல்லாமல், வெறும் உள்ளங்கையால் நடத்தியிருக்கிறேன். அருவருப்பாக இருக்கிறது. படத்தைப் பார்த்து அல்ல.

மார்ச் 22, சனி

அவர் வந்துவிட்டார். ஏழு மாதத்துக்குப் பிறகு. இரண்டு வாரம் இருப்பார்.

கதவைத் திறந்ததும் பெட்டியைக் கீழே போட்டுவிட்டு என்னை இழுத்து அணைத்தார். டீசல் வாசனை, வியர்வை, அவர். ஒரு மூச்சு விட்டிருப்பேன்.

"ச்சீஈஈ."

இரண்டு கையாலும் கண்ணைப் பொத்திக்கொண்டு வாசலில் நிற்கிறாள். "நம்ம வீட்டுல ச்சீ படம் ஓடுது" என்றாள், பக்கத்து வீடு வரை கேட்கிற மாதிரி. அவர் சிரித்தார். நான் அவர் நெஞ்சில் கையை வைத்துத் தள்ளினேன். ஆமாம், தள்ளினேன். அவர் சிரிப்பு பாதியில் நின்றது.

இரவு எங்கள் நடுவில் வந்து படுத்துக்கொண்டாள். சுவர் மாதிரி நேராக.

மார்ச் 26, புதன்

அவர் சோபாவின் அந்தக் கோடியில், நான் இந்தக் கோடியில். காபி டம்ளரை என் கையில் தராமல் மேஜையில் வைத்து நகர்த்துகிறார். சில்வண்டு இன்ஸ்பெக்டர் மாதிரி எதிரே உட்கார்ந்திருக்கிறாள்.

மார்ச் 30, ஞாயிறு

மூன்று பேரும் சேர்ந்து படம் பார்த்தோம். படத்தைத் தேர்ந்தெடுத்தது அவர். முதல் பத்து நிமிஷத்திலேயே அரிவாள். நான் சில்வண்டின் கண்ணைப் பொத்தினேன்.

"இதுக்கு ஏன்மா? இது ச்சீ இல்லையே." என் விரலைப் பிரித்து எட்டிப் பார்த்தாள்.

"இனிமே இதுதான் ச்சீ."

"யார் சொன்னா?"

"நான்."

"நடுவுல ரூலை மாத்தக் கூடாது."

"விடேன், படத்துல அதெல்லாம் சகஜம்" என்றார் அவர். குழந்தை முன்னால் சண்டை வேண்டாம் என்று பல்லைக் கடித்துக்கொண்டேன். அடுத்து பாட்டு. ஹீரோவும் ஹீரோயினும் கட்டிப் பிடிக்கிறார்கள். அவர் கை ரிமோட்டுக்குப் போயிற்று. "அதைத் தொடாதீங்க" என்றேன். பார்க்கட்டும், பார்த்தால் என்ன என்று உட்கார்ந்தேன். காது சுட்டது. சில்வண்டு கண்ணைப் பொத்திக்கொண்டு சுவர்ப் பக்கம் திரும்பிவிட்டாள். அவர் எழுந்தார்.

"எங்க போறீங்க?"

"தண்ணி குடிக்க."

எனக்குச் சிரிப்பும் வாந்தியும் சேர்ந்து வந்தது. எல்லா வீட்டு அப்பாவுக்கும் ஒரே நேரத்தில்தான் தாகம் எடுக்கும் போல.

ஏப்ரல் 5, சனி

போய்விட்டார். விடிவதற்குள் வண்டி வந்துவிட்டது. பெட்டியை ஏற்றிவிட்டுத் திரும்பி என்னிடம் வந்தார். இந்தத் தடவை நான் தள்ள மாட்டேன் என்று நினைத்துக்கொண்டு நின்றேன். படியில் சில்வண்டு. இரண்டு கையும் கண்ணில். வாயைத் திறக்கவில்லை. அவர் அவளைப் பார்த்தார். கை பாதியில் நின்றது. அவள் தலையைத் தடவினார். என்னிடம் "வரேன்" என்றார். ஏறிவிட்டார்.

ஏழு மாதம் இனிமேல்.

சிங்க்கில் பாத்திரம் அப்படியே கிடக்கிறது. ஈ மொய்க்கிறது. கிடக்கட்டும்.

ஏப்ரல் 12, சனி

டி.வி.யைப் போடவே பிடிக்கவில்லை. அவள்தான் நச்சரித்து வைக்கச் சொன்னாள். படத்தில் புருஷன் செத்துப்போகிறான். பெண்டாட்டி அவன் மேல் விழுந்து கட்டிக்கொண்டு அழுகிறாள். நான் கையை மடியிலேயே வைத்துக்கொண்டேன்.

"இது ச்சீயா, இல்லையாம்மா?"

"நீயே சொல்லு."

டி.வி.யையே உற்றுப் பார்த்தாள். பிறகு, "தெரியலை" என்றாள். பிறகு, "அம்மா, அப்பா போறப்போ உன்னைக் கட்டிப் பிடிச்சாரா?"

"ஏண்டி கேக்குறே? நீதான் அங்க நின்னியே."

"நான்தான் கண்ணை மூடிட்டு இருந்தேனே. வண்டி சத்தம் போற வரைக்கும் திறக்கவே இல்ல. விரல் இடுக்குலகூடப் பாக்கல. ச்சீன்னும் சொல்லல, கவனிச்சியா? நீங்க முடிக்கட்டும்னுதான் மூடிக்கிட்டேன்."

எழுந்துபோய்த் தண்ணீர் குடித்தேன். இப்போது எனக்குத் தாகம்.

அவருக்கு அனுப்ப வேண்டியதை இங்கே எழுதிப் பார்க்கிறேன். சிக்னல் வரும்போது போகட்டும்:

"நீங்க கிளம்பினப்போ படியில நின்னு அவ கண்ணைப் பொத்தினது நம்மளைத் தடுக்க இல்லைங்க. நமக்காக. நாம சொல்லிக் குடுத்தது அவளுக்கு அப்படித்தான் புரிஞ்சிருக்கு, பெரியவங்க கட்டிக்கணும்னா குழந்தை கண்ணை மூடிக்கணும்னு. நீங்க என்னைக் கட்டிப் பிடிச்சீங்களான்னு கேக்குறா. நான் இன்னும் பதில் சொல்லல. பொய் சொல்ல வாய் வரலை, இல்லைன்னு சொல்லவும் மனசு வரலை. நாளைக்கும் கேப்பா, விடமாட்டா. என்ன சொல்லட்டும்? இதைப் பாத்ததும் சீக்கிரம் பதில் போடுங்க."