கறிவேப்பிலைத் தொட்டியில் மாத்திரை

நேற்று மாலை கறிவேப்பிலை பறித்த கையோடு தொட்டி மண்ணைக் கிளறிவிட்டபோதுதான், மனைவி தாரணிகா புதைத்து வைத்திருந்த பிரஷர் மாத்திரைகள் கௌரிசங்கரின் விரலில் தட்டுப்பட்டன. பாலில் கலந்து குழந்தைக்குப் போய்விடும் என்ற பயம் அவளுக்கு. அதற்காக அவன் போட்ட சத்தத்துக்குப் பிறகு முகம் கொடுத்துப் பேசாமலே தூங்கிப்போனாள். விடியலில் தாராபுரத்துக்கு லாரி எடுக்க வேண்டியவன், சமையல்மேடையில் குனிந்து நின்று எழுதினான்.

"அம்மணி, சோறாக்கி ரசம் வெச்சுட்டேன். சிலிண்டர்காரர் வந்தா நீ தூக்காத, அவரையே உள்ள வெக்கச் சொல்லு.

டாக்டரம்மாகிட்ட ராத்திரியே போன்ல கேட்டுப்போட்டேன். நீ பால் குடுக்கறது தெரிஞ்சுதான் இந்த மாத்திரைய எழுதுனாங்களாம். பால்ல போறது ரொம்பக் கொஞ்சமாம், பாப்பாவுக்கு ஒண்ணும் ஆகாதாம். நீ போடாம விட்டு பிரஷர் ஏறுனாத்தான் ஆபத்துன்னாங்க. மண்ணுல கெடந்தது வேண்டாம், புதுசு வாங்கி டம்ளர் பக்கத்துல வெச்சிருக்கறேன். நாளைக்குப் பொழுதோட வந்துருவேன்."

பேனாவை மூடினான். அவளுக்கும் தொட்டிலுக்கும் நடுவே, தான் படுக்கும் இடம் காலியாகக் கிடந்தது. மறுபடியும் பேனாவைத் திறந்து, சீட்டின் அடியில் மிச்சமிருந்த இடத்தில் பொடி எழுத்தாக நெருக்கி எழுதினான்.

"மாத்திரை போட்டுட்டு ஒரு போன் பண்ணு கண்ணு. கோவம் தீரலைன்னா நீ பேச வேண்டாம். பாப்பா பால் குடிக்கறப்ப போனப் பக்கத்துல வெச்சிரு, அந்தச் சத்தம் போதும். வண்டிய ஓரமா நிறுத்திட்டுக் கேட்டுக்கறேன்."